மேலே ஒன்று, கீழே ஒன்று

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தக்ஷாயினி நாவற்குடாச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் குடை இருந்தது, விரிக்க மனமில்லை. இரண்டு வருடமாக எதற்குமே அவளுக்கு மனமில்லை. நனைந்தால் நனையட்டும் என்று வாவிப் பக்கம் போகும் ஒழுங்கையில் நடந்தாள்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் அந்தப் பழைய ஓட்டு வீடு நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர்தான். வாசலில் ‘நாணற்சேனை மக்கள் ஒன்றியம்’ என்று பலகை. நாணற்சேனை என்று இப்போது ஓர் ஊர் கிடையாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஊர் அது. சுனாமி வந்த காலையில் கடல் ஒரு பக்கத்தால் ஏறி, மறு பக்கத்தால் வாவிக்குள் இறங்கிப்போனது. ஊரையும் கூட்டிக்கொண்டுதான் போனது. மிஞ்சிய சனம் நாவற்குடாவிலும் அங்குமிங்குமாக ஒண்டிக்கொண்டது.

ஒன்றியத்தின் தலைவர் வினாயகமூர்த்தி சாவியும் கையுமாக வாசலிலேயே நின்றார். தக்ஷாயினிக்கு ஊர் முறையில் மாமா.

“வா புள்ள. இப்பிடி நனைஞ்சு வாறாய், குடை இல்லியா?”

“இரிக்கி மாமா.”

“மறுகா ஏன் விரிக்கல்ல?”

அவள் குடையைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். அவர் பின்னறைப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினார். கறள் பிடித்த பூட்டு ஒரு பாடு படுத்தியது. ஒருவாறு திறந்தபோது, அடைபட்டுக் கிடந்த காற்று வாவிச் சேற்று மணத்தோடு முகத்தில் அடித்தது.

மேசையில் கணினி இருந்தது. தூசு படாமல், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் ஒரு சாரத்தால் மூடியிருந்தது. நீலக் கோடு போட்ட சாரம். அது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை தரம் தோய்த்துக் காயப்போட்ட சாரம்.

உதயரூபனின் சாரம். அவள் புருஷன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், கணினிக்கு ஏதோ சாமான் வாங்க வேண்டுமென்று செங்கலடிக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டான். வாசலில் திரும்பிப் பார்த்து “வாறன்” என்றான். அவ்வளவுதான். ஆளும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. அவள் ஏறாத படியில்லை, கேட்காத ஆளில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். அது அப்படியான காலம்.

“சண்டை முடிஞ்சிற்று. சூரிச்சில இரிக்கிற நம்மட ஆக்கள் சொல்லுறாங்க, சண்டைக்குள்ள காணாமப்போன ஆக்களையும் வெப்சைட்ல போடச் சொல்லி. சுனாமி அஞ்சாம் வருசத்துக்கு முன்ன எல்லாம் சரியா இரிக்கணுமாம். உன்ன விட்டா இந்த வேலை தெரிஞ்ச ஆள் ஆரு?” என்றார் வினாயகமூர்த்தி. பிறகு சாரத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “அவன்ட படத்தையும் நீதான் போடணும் புள்ள.”

அவள் சாரத்தை எடுத்து மடித்தாள். ஓரம் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது.

*

நாணற்சேனையின் இணையத்தளத்தைச் செய்தவன் உதயரூபன்தான். அலை கொண்டுபோன ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு படம், பெயர், இரண்டு வரி. உடல் கிடைத்து அடக்கம் செய்யப்பட்டவர்களின் படத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு எரியும். சுடர் மெல்ல ஆடும். உடல் கிடைக்காதவர்களுக்கு விளக்கு இல்லை. வீட்டுக்காரர் தாங்களாக வாய் திறந்து “வையுங்க” என்று சொன்னால் மட்டும்தான் அவர்களுக்கும் வைப்பது. அதில் உதயரூபன் மிகவும் கண்டிப்பு. “சொந்தக்காரர் சொல்லாம விளக்கில ஆரும் கை வெக்கப்படாது” என்பான். விளக்கு வைக்கச் சொல்வதென்றால் லேசான காரியமா? அதோடு பொட்டை அழிக்க வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும், அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் பார்க்க வேண்டும். பல வீடுகளில் வருடக்கணக்காக அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றது.

தளம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, எங்கோ குளிர்நாட்டுச் சேர்வரில். உலகம் பார்ப்பது அதைத்தான். இன்னொன்று, அதன் சரிநேர் பிரதி, இந்தப் பின்னறைக் கணினியில். வேலையெல்லாம் இங்கே செய்து, சரிபார்த்து, பிறகு அங்கே ஏற்ற வேண்டும். அவர்கள் பேச்சில் அது ‘மேல’, இது ‘கீழ’. இரண்டும் எப்போதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பிசகினால், ஒருவர் செய்த வேலையை மற்றவர் அறியாமல் அழித்துவிடுவார்.

ஆனால் உதயரூபன் என்றைக்கு ஒழுங்காக நடந்தான்? அவசரக்காரன். நேரே மேலேயே கை வைப்பான். கீழே கொண்டுவர மறந்துபோவான். திருத்துவதற்கு முன் பழைய கோப்பை ஒரு பிரதி எடுத்து, பெயரோடு ‘பழசு’ என்று ஒட்டிவைப்பான். வேலை முடிந்த பிறகு அதை அழிக்கவும் மறப்பான். சேர்வர் முழுக்கப் பழசு, பழசுபழசு, பழசுபழசுபழசு. “கீழ செஞ்சு மேல ஏத்துங்க, உங்களுக்கு எத்தின தரம் சொல்லுற?” என்று அவள் கத்தாத நாளில்லை. அந்தச் சண்டையை இன்னும் ஒரு தரம் போடக் கிடைத்தால் போதும் என்று இப்போது தோன்றியது.

முதல் வேலையாக அந்தப் பழசுகளையெல்லாம் தேடித் தேடி அழித்தாள். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் ஒரு செயலி இருந்தது. இடப்பக்கம் கீழ், வலப்பக்கம் மேல். வித்தியாசம் இருந்தால் அந்த வரி சிவக்கும். எது புதிதோ அதிலிருந்து மற்றப் பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி நிற்கும். சிவப்பு ஒன்றுகூட இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் அன்று எழும்பினாள்.

பிறகு காணாமற்போனவர்களின் படங்களைப் போட்டாள். கடைசியாக அவனுடையதை. கல்யாண வீட்டில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற தன்னை வெட்டிவிட்டுப் போட்டாள். ‘உதயரூபன். காணாமற்போனவர். கடைசியாகக் காணப்பட்ட இடம்: வீட்டு வாசல். தேடுபவர்: மனைவி.’ விளக்கு வைக்கவில்லை.

*

அந்தச் சொல்லை அவன் தாய் சீதேவிதான் சொன்னாள்.

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைச் சட்டியிலேயே விட்டாள். “ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில, அமிர்தகழியில, எல்லாரும் செத்த ஆக்களுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்காங்க. நான் என்ட புள்ளைக்கு இறைக்கிறதா, இல்லாட்டி அவன் வரணும் எண்டு கும்பிடுறதா எண்டு விளங்காம கரையிலயே நிண்டன். போன வருசமும் நிண்டன், இந்த வருசமும் நிண்டன். இனி ஏலா மகள். அந்த விளக்க வெச்சிரு.”

“மாமி, அவர் வந்திற்றாரெண்டா?”

“வந்தா அணைச்சிருவம். விளக்கு அணைக்கிறது பெரிய வேலையா?”

தக்ஷாயினி அழவில்லை. உள்ளே ஏதோ தளர்ந்து, எங்காவது படுத்துக்கொண்டால் போதும் என்று மட்டும் இருந்தது. காத்திருப்பதும் ஒரு வேலைதான். அதிலிருந்து ஓய்வு கிடைத்தால் கொஞ்சம் தூங்கலாம். அடுத்த நாள் அலுவலகம் போய்க் கீழே அவன் படத்துக்கு விளக்கை வைத்தாள். மேலே ஏற்றினாள். சிவப்பு இல்லை. தாலியைக் கழற்ற வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று மாமி சொல்லியிருந்தாள்.

காலையில் வந்து பார்த்தபோது ஒரு வரி சிவந்திருந்தது.

மேலே, அவன் படத்தில் விளக்கு இல்லை.

சூரிச்சில் இருக்கும் மைத்துனன் ஜெயரூபன்தான் தாங்காமல் எடுத்திருப்பான் என்று நினைத்தாள். பாஸ்வேர்ட் அவனிடமும் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது அவன் அம்மாமேல் சத்தியம் பண்ணினான். சரி, இணைப்பு இடையில் அறுந்திருக்கும் என்று தன்னைத் தானே ஆறுதல்படுத்திக்கொண்டு மறுபடியும் ஏற்றினாள். மறுநாளும் விளக்கு அணைந்திருந்தது. இம்முறை கோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பும் கிடந்தது.

பெயரோடு ‘பழசு’ ஒட்டியிருந்தது.

உலகத்தில் யாருக்கு இந்தப் பழக்கம்?

பாஸ்வேர்டை மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை, கடதாசியிலும் எழுதவில்லை. அடுத்த நாள் விளக்கு மறுபடியும் இல்லை, பழசு இரண்டாகிவிட்டது. சேர்வர்க்காரருக்கு எழுதி, எங்கிருந்து யார் நுழைகிறார்கள் என்று கேட்டாள். மரியாதையாகப் பதில் வந்தது: உங்கள் அலுவலக இணைப்பிலிருந்துதான், உங்கள் கணினியிலிருந்துதான்.

அது நடந்த நேரத்தில் அலுவலகம் பூட்டியிருந்தது. அன்று அந்தப் பகுதியில் கரண்டும் இருக்கவில்லை.

*

பயப்பட வேண்டிய இடம் அது. ஆனால் மனம் பொல்லாதது. தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். உயிரோடு எங்கோ இருக்கிறான், எப்படியோ நுழைகிறான், வெளியில் சொல்ல முடியாமல் இப்படிச் சைகை காட்டுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்று சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கினாள். பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தாள். முன்னறையில் தட்டெழுத்து வேலை பார்க்கும் காத்தான்குடி சஹ்லாவிடம் மட்டும் வாய்விட்டாள்.

சஹ்லா தட்டெழுத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “அக்கா, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீங்களே? அந்த அறைக்கு முந்தி நான் தேத்தண்ணி கொண்டு போற. இப்ப போகமாட்டன். கதவுக்குக் கீழால ஈரம் வருது. உங்களுக்கு அந்த மணம் தெரியல்லியா?”

“வாவிப் பக்கம்தானே. மணக்கும்.”

“இது வாவி மணமில்ல அக்கா. கடல் மணம்.”

தக்ஷாயினி காது கொடுக்கவில்லை. அவளுக்கு வேறு யோசனை வந்திருந்தது. பக்கத்தின் உள்ளே, பார்ப்பவர் கண்ணில் படாமல், வேலை செய்பவர் மட்டும் வாசிக்கும்படி குறிப்பு எழுதி வைக்கலாம். காலையில் அவனும் பின்னேரத்தில் அவளுமாக வேலை பார்த்த நாட்களில் இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ‘மீன் வாங்கி வெச்சிரிக்கன், புளி இல்ல.’ ‘தலையிடி, சமைக்கல்ல, கடைச் சாப்பாடு.’ உலகம் முழுக்கப் பார்க்கும் பக்கத்துக்குள் யாரும் பார்க்காத ஒரு குடும்பம் நடந்தது.

அவன் படத்துக்கு மேலே அவள் எழுதினாள்: ‘நீங்களா?’

ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் அதன் கீழே ஒரு வரி இருந்தது.

‘ஓம்.’

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். அவசர அவசரமாக அடித்தாள்: ‘எங்க இரிக்கீங்க? தனியவா?’

அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. மறுநாள் விடிந்ததும் குடையையும் மறந்துவிட்டு ஓடிவந்தாள். பதில் இருந்தது.

‘தனிய இல்ல. எல்லாரும் இஞ்சதான்.’

எல்லாரும் என்றால்?

செயலியைத் திறந்தாள். சிவப்பு. ஒரு வரியல்ல, திரை நிறையச் சிவப்பு.

மேலே, நாணற்சேனைக்காரரின் படங்களுக்குக் கீழே ஒரு விளக்குக்கூட எரியவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணகையின் படத்தில் இல்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகளின் படங்களில் இல்லை. தோணிக்காரக் கந்தப்போடியின் படத்தில் இல்லை. கந்தப்போடியைத் தாழை வேருக்குள்ளிருந்து இழுத்து எடுத்தபோது தக்ஷாயினி பக்கத்தில் நின்றவள். பாயில் சுற்றிக் குழியில் இறக்கியதை இந்தக் கண்ணால் பார்த்தவள். அவர் எங்கோ ஒளிந்திருந்து பாஸ்வேர்ட் போட்டு நுழையும் ஆளில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

அவரும் அங்கேதான். எல்லாரும் அங்கேதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த மணம் தெரிந்தது. சஹ்லா சொன்னது சரி. உப்பும் பாசியும், அலை வடிந்த பிறகு ஊரெல்லாம் கிடந்த அந்தக் கறுத்த சேறும். ஐந்து வருடமாக மறந்திருந்த மணம்.

*

ஓடியிருக்கலாம். வினாயகமூர்த்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, இந்த வேலை எனக்கு ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் களைப்புக்கு ஒரு குணம் உண்டு. ஓர் அளவுக்கு மேல் போனால் பயப்படவும் தெம்பிருக்காது. அவள் கதிரையிலேயே இருந்தாள்.

மத்தியானம் மழை இறங்கியது. வாவியும் வானமும் ஒரே சாம்பலாகி, யன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. சஹ்லா மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். ஓட்டில் மழை இரைந்தது. கரண்ட் நின்றது.

மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. மேசைக்கடியில் இருந்த பட்டரிப் பெட்டி கீச்சிட்டது. சிறிது நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். கணினியை மூட மவுஸைப் பிடித்தாள்.

திரையில் அம்புக்குறிகள் திரும்பின.

விளக்குகளை மறுபடி ஏற்றவென்று அவள் வலப்பக்கம் திருப்பிவைத்திருந்தவை ஒவ்வொன்றாக இடப்பக்கம் திரும்பின. மேலிருந்து கீழே. அவள் எதையும் தொடவில்லை. கோப்புகள் இறங்கத் தொடங்கின.

குனிந்து, இணையம் வரும் தொலைபேசி வயரைப் பிடுங்கினாள்.

இறங்கிக்கொண்டேயிருந்தன.

பட்டரிப் பெட்டியின் கீச்சு நின்றது. திரை அணையவில்லை. அறையில் வேறு வெளிச்சம் கிடையாது. காலுக்குக் கீழே தரை குளிர்ந்தது. பார்த்தாள். தண்ணீர் இல்லை. ஆனால் அவள் விரல்களுக்கிடையில் மணல் இருந்தது.

எல்லாம் இறங்கி முடிந்து, பக்கம் தானாகத் திறந்தது. அதே பக்கம்தான்; அவள் கையால் செய்த அதே வடிவம், அதே எழுத்து. ‘எமது ஊரில் இருந்து காணாமற்போனோர்’ என்று தலைப்பு. படங்கள் மட்டும் வேறு.

வினாயகமூர்த்தி. சாவியும் கையுமாக.

சீதேவி. தீர்த்தக் கரையில், ஈரச் சேலையோடு, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல்.

அலையில் தப்பிய ஒவ்வொருவரும். நாவற்குடாவில் இருப்பவர்களும் சூரிச்சுக்குப் போனவர்களும். யாரும் எடுக்காத படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. சுடர் மெல்ல ஆடியது.

அவளுக்கு விளங்கியது. அங்கே இருப்பவர்களுக்கு நாங்கள்தான் காணாமற்போனவர்கள். அவர்களும் தேடித் தேடிக் களைத்து, ஒவ்வொரு வீடாக வாய் திறந்து ‘வையுங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடைசிப் படம் அவளுடையது. இன்று உடுத்திருந்த அதே மஞ்சள் சட்டை. பெரிதாக வைத்த பொட்டு. இந்தக் கதிரையில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘தக்ஷாயினி. காணாமற்போனவர். கடைசியாகக் காணப்பட்ட இடம்: வீட்டு வாசல். தேடுபவர்: கணவன்.’

விளக்கு இல்லை.

அந்தப் பக்கத்தில் விளக்கு இல்லாத படம் அது ஒன்றுதான். அவன் சொல்லவில்லை. ஊரே சொன்ன பிறகும் அவன் ஒருவன் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கிறான். அவள் விளக்கு வைக்க வைக்க அவன் அணைத்தது எதற்கு என்பதும் இப்போது தெரிந்தது. தன்னைத் தேடுவதை அவள் விட்டுவிடக்கூடாது என்று நினைத்திருக்கிறான். பாவி. அங்கேயும் தூங்காமல் இருந்திருக்கிறான்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். நனைந்த துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பாமலே, மிக மெல்ல, அவனிடம் மட்டும் பேசும் குரலில் சொன்னாள்:

“இஞ்சருங்க. எனக்கு ஏலாமப் போயிற்று.”

சொட்டும் சத்தம் நின்றது.

“உங்களுக்கும் ஏலாதெண்டு எனக்குத் தெரியும். நான் வெச்சிர்றன். இந்தத் தரம் அணைக்காதீங்க. நீங்களும் எனக்கு வெச்சிற்றுப் போய்ப் படுங்க.”

மழை மட்டும் இரைந்தது. நெடுநேரம் கழித்து, தோளில் குளிர்ந்த ஒரு பாரம் ஒரு கணம் இருந்து எடுபட்டது. வேலை முடிந்து எழும்பும்போது அவன் எப்போதும் அவள் தோளில் கை ஊன்றித்தான் எழும்புவான்.

திரை அணைந்தது.

*

கரண்ட் வந்த பிறகு அவள் வயரைத் திரும்பச் செருகினாள். கீழே எல்லாம் பழையபடி இருந்தது. இறங்கியது எதையும் காணவில்லை. அவன் படத்துக்கும் அணைந்த மற்ற எல்லோருக்கும் விளக்கை வைத்து மேலே ஏற்றினாள். ‘பழசு’ எல்லாவற்றையும் அழித்தாள். வீட்டுக்குப் போய்த் தாலியைக் கழற்றி மாமியின் கையில் கொடுத்தாள். சீதேவி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு வருடத்தில் முதல் தரமாகக் குரலெடுத்து அழுதாள். தக்ஷாயினியும் அழுதாள். அன்று பாயில் விழுந்தவள் விடியும்வரை அசையாமல் தூங்கினாள்.

விளக்குகள் அதற்குப் பிறகு அணையவில்லை. ஐந்தாம் வருட நாளன்று வெளிநாட்டுச் சனமெல்லாம் அந்தத் தளத்தைத் திறந்துவைத்துக் கும்பிட்டதாக ஜெயரூபன் சொன்னான். “நீ பெரிய வேலை செஞ்சிற்றாய் புள்ள” என்று வினாயகமூர்த்தி நாலு பேர் முன்னால் சொன்னார். அறையில் மணம் போய்விட்டது. சஹ்லா பழையபடி தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு காலை. நல்ல வெயில். வாவியில் தோணிகள் போய்வந்தன. தக்ஷாயினிக்கு இப்போது சஹ்லாவுக்கு வேலை பழக்கிவிடும் அளவுக்கு மனம் இருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்துவிட்டு, யன்னலோரம் நின்று தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள்.

“சிவப்பு வந்தா மட்டும் பாரு. மற்றதெல்லாம் சரி.”

“அக்கா.” சஹ்லாவின் குரல் இறங்கியது. “ஒண்டு சிவப்பா இரிக்கி. மேல புதுசா ஒரு பக்கம் வந்திரிக்கி. நான் ஒண்டுமே தொடல்ல, அல்லா அறிய.”

தக்ஷாயினி வந்து அவள் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

அவள் படம்தான். மஞ்சள் சட்டை. பொட்டு இல்லை; யாரோ கவனமாகத் துடைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வைத்துவிட்டான். அவள் கேட்டதைத்தான் செய்திருக்கிறான். இனி அவனும் தூங்குவான். ஒரு கணம் அவள் நெஞ்சு நிறைந்துபோனது.

“கீழ ஏதோ எழுதியிரிக்கி அக்கா,” என்றாள் சஹ்லா. விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

மரண அறிவித்தல்களில் இறுதிக்கிரியைக்கென்று எல்லோரும் போடுகிற அதே வாசகம்தான். விளக்கு வைக்கப்பட்டவர்களின் திகதிக்கென்று உதயரூபன் எப்போதும் விட்டுவைக்கும் இடத்தில், அவன் எழுதும் விதத்தில் இருந்தது.

‘மறைந்த திகதி: பின்னர் அறிவிக்கப்படும்.’

நடுவில் அம்புக்குறி இடப்பக்கம் திரும்பி, கீழே இறங்கக் காத்து நின்றது.